குறைவாக விற்ற காரோவை மங்கா வாசகர்கள் ஏன் இன்னும் விடாமல் பேசுகிறார்கள்?

கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. ஷோனென் ஜம்ப் போன்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழ்கள் லட்சக்கணக்கில் விற்ற ஜப்பானில், நின்றுபோய் இத்தனை வருடமான காரோ என்ற மாத இதழை மட்டும் ஏன் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள் என்பது ஒன்று. இப்போது படிக்க ஆசைப்பட்டால் எங்கே தொடங்குவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எண்ணிக்கை விஷயத்தை முடித்துவிடலாம். ஷோனென் ஜம்ப் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்தபோது ஒரு வார இதழ் 65 லட்சம் பிரதி அச்சானது. காரோ தன் நல்ல காலத்தில், அதாவது 1960களின் பிற்பாதியில், தொட்டது சுமார் 80 ஆயிரம். அப்புறம் இறங்கிக்கொண்டே போனதுதான். ஆக, விற்பனையை வைத்துப் பார்த்தால் பேச ஒன்றுமில்லை. ஆனால் இன்று பெரியவர்கள் படிக்கிற மங்கா என்று எதைச் சொல்கிறோமோ, கனவு, பாலுறவு, வறுமை, அரசியல், ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியான நேரம், இதையெல்லாம் படக்கதையில் சொல்லலாம் என்ற துணிச்சல் பெரிய அளவில் இந்த ஒரு இதழின் பக்கங்களில் வளர்ந்தது. அது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் இரண்டு மனிதர்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஆசிரியர் கட்சுஇச்சி நாகாய், இன்னொருவர் ஓவியர் சன்பெய் ஷிராட்டோ.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் வாடகைப் புத்தகக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. காசில்லாத பிள்ளைகளும் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளைஞர்களும் சில்லறை கொடுத்து மங்கா புத்தகத்தை ஓரிரு நாளுக்கு எடுத்துப் படிப்பார்கள். 1950களில் நாடு முழுக்க சுமார் 30 ஆயிரம் கடைகள் இருந்ததாகச் சொல்வார்கள். இந்தக் கடைகளுக்கென்றே புத்தகம் போட்ட சின்னச் சின்னப் பதிப்பகங்களில் ஒன்றுதான் நாகாய் நடத்திய சன்யோஷா. பெரிய பதிப்பகங்கள் தொடத் தயங்கிய இருட்டான, வன்முறை கலந்த, கோபமான கதைகளெல்லாம் இங்கேதான் வந்தன. ஷிராட்டோ 1959 முதல் 1962 வரை எழுதிய நிஞ்ஜா புகெய்ச்சோ என்ற நீண்ட தொடரையும் நாகாய்தான் வெளியிட்டார். பெயரில் நிஞ்ஜா (பழைய ஜப்பானின் ரகசிய ஒற்றன்) இருந்தாலும் அதன் உள்ளடக்கம் விவசாயிகளின் கிளர்ச்சி. கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். பின்னால் 1967-ல் இயக்குநர் நாகிசா ஒஷிமா அதைத் திரைப்படமாக எடுத்தபோது நடிகர்களே இல்லாமல், ஷிராட்டோவின் ஓவியங்களையே கேமராவில் பிடித்துப் படம் முடித்தார். அந்த ஓவியங்களுக்கு அவ்வளவு வலு இருந்தது.

ஷிராட்டோவின் அப்பா டோகி ஒகமோட்டோ பாட்டாளி வர்க்கக் கலை இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர், போருக்கு முந்தைய ஜப்பானில் அரசியலுக்காகப் போலீஸ் சித்திரவதையை அனுபவித்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பையன் நிஞ்ஜா கதை எழுதினால் அது வெறும் கத்திச் சண்டையாக இருக்க முடியாது, இல்லையா?

1959-ல் ஷோனென் சண்டே, ஷோனென் மேகசின் என்ற இரண்டு வார இதழ்கள் ஒரே சமயத்தில் வந்தன. கூடவே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் வந்தது. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின, அவற்றை நம்பி வரைந்துகொண்டிருந்த ஓவியர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நாகாய் இதற்கிடையில் காசநோயால் மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர். ஷிராட்டோவுக்கோ மனதில் ஒரு பிரம்மாண்டமான கதை இருந்தது, அதற்கு மாதம் நூறு பக்கம் கொடுக்கவும், எதையும் வெட்டாமல் போடவும் தயாரான ஒரு இடம் வேண்டியிருந்தது. எந்த வார இதழும் அதற்குச் சம்மதிக்காது. அதனால் இருவரும் தாங்களே ஒரு இதழைத் தொடங்கினார்கள். பணத்தில் பெரும்பங்கு ஷிராட்டோ தன் வேறு வேலைகளில் சம்பாதித்தது. நாகாயின் செய்ரின்டோ பதிப்பகம், டோக்கியோவின் கண்டா ஜிம்போச்சோவில் ஒரு மரக்கடைக்கு மேல்மாடியில் இயங்கியது. அங்கிருந்து 1964 ஜூலையில், செப்டம்பர் தேதியிட்ட முதல் இதழ் வெளியானது. காரோ என்ற பெயரும் ஷிராட்டோவின் ஒரு நிஞ்ஜா பாத்திரத்தின் பெயர்தான். கமுய் டென் என்ற அந்தப் பெரிய கதை அதே வருட டிசம்பர் இதழில் தொடங்கியது.

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ஷிராட்டோ இந்த இதழைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான் நினைத்தார். சமூகம் எப்படி இயங்குகிறது, ஏன் ஒருவன் மேலேயும் ஒருவன் கீழேயும் இருக்கிறான் என்பதைச் சிறுவர்களுக்குக் கதையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வந்து சேர்ந்த வாசகர்களோ பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்தும், வியட்நாம் போரை எதிர்த்தும், தங்கள் பல்கலைக்கழக நிர்வாகத்தையே எதிர்த்தும் தெருவில் நின்ற தலைமுறை அது. அவர்கள் கையில் இந்த இதழ் போய் உட்கார்ந்துகொண்டது.

கமுய் டென் எதைப் பற்றியது? எடோ காலம் (ஜப்பானில் 17 முதல் 19-ம் நூற்றாண்டு வரை), கற்பனையான ஒரு சிற்றரசு. கமுய் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவன். ஷோசுகே நிலமில்லாத பண்ணையாளின் மகன். ரியூனோஷின் சாமுராய் குடும்பத்துப் பையன். மூன்று படிநிலைகளில் இருந்து மூன்று பேர். அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒதுக்கப்பட்டவர்களையும் விவசாயிகளையும் ஒருவர்மேல் ஒருவர் எப்படி ஏவிவிடுகிறார்கள், கீழே இருப்பவனுக்கு இன்னும் கீழே ஒருவனைக் காட்டி எப்படிச் சமாதானப்படுத்துகிறார்கள் என்பதை ஷிராட்டோ பக்கம் பக்கமாக, பொறுமையாக, விதைப்பு, அறுவடை, பட்டுப்புழு, வரி, பஞ்சம் என்று எல்லாவற்றையும் காட்டி வரைகிறார். சாதியோடு வாழ்ந்து பழகிய நமக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது விளக்கவுரையே தேவைப்படாது. நடுநடுவே ஓநாய்களும் காட்டு விலங்குகளும் வரும். இயற்கையில் நடக்கும் போராட்டத்தையும் மனிதர்கள் நடத்தும் போராட்டத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். 1971 ஜூலை வரை ஓடி, ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு விரிந்த பிறகும், அது அவர் திட்டமிட்ட மூன்றில் முதல் பாகம்தான். இரண்டாம் பாகம் பிறகு 1988-ல் வேறொரு பெரிய இதழில் தொடங்கியது. மூன்றாவது வரவேயில்லை. ஷிராட்டோ 2021-ல் காலமானார்.

முதல் மூன்று ஆண்டுகளில் ஷிராட்டோவோடு சேர்ந்து அந்தக் கதையை வரைந்தவர் கோசெகி கோஜிமா. பின்னால் லோன் உல்ஃப் அண்ட் கப் என்ற சாமுராய் மங்கா தொடரின் ஓவியராக உலகம் முழுக்கத் தெரிந்தவர் அவரேதான்.

இதோடு நின்றிருந்தால் காரோ ஒரு பெரிய கதையைத் தாங்கிய இதழ் என்ற அளவில் முடிந்திருக்கும். ஆனால் நூறு பக்கம் கமுய்க்குப் போன பிறகு மீதிப் பக்கங்களை நிரப்ப வேண்டுமே! நாகாயின் உண்மையான மேதைமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வாடகைக் கடைகள் மூடியதால் வேலையிழந்து திரிந்த ஓவியர்களை அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்தார். ஷிகெரு மிசுகி முதலிலிருந்தே கூட இருந்தார். போரில் நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் பகுதியில் இடது கையை இழந்து, ஒற்றைக் கையால் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்தவர். கிடாரோ என்ற பேய்ப்பிள்ளையை வைத்து வாடகைக் கடைக் காலத்தில் அவர் எழுதிய கதையின் புது வடிவம் 1966-ல் காரோவில் வந்தது. அதற்கு முன்பே ஷோனென் மேகசின் அவரைக் கண்டுகொண்டது, 1968-ல் கிடாரோ தொலைக்காட்சிக்குப் போனது, மிசுகி நாடறிந்தவரானார்.

யோஷிஹாரு சுகே கதை இன்னும் விசேஷம். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நிலையில், 1965-ல் காரோ தன் பக்கத்திலேயே ஒரு அறிவிப்புப் போட்டது: சுகே யோஷிஹாரு அவர்களே, தயவுசெய்து எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று. ஒரு இதழ் ஒரு ஓவியரை இப்படித் தேடியதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. வறுமையாலும் மனச்சோர்வாலும் வாழ்க்கையே வெறுத்துப் போயிருந்த சுகே திரும்பி வந்தார். அந்த இலையுதிர் காலத்தில் ஷிராட்டோ அவரைச் சிபா மாகாணத்தில் ஓட்டாகி என்ற ஊரில் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்தார். அந்த மலை, ஆறு, கிராமத்துப் பேச்சு எல்லாம் சுகேயின் கதைகளுக்குள் வந்து உட்கார்ந்தன. பிழைப்புக்கு மிசுகியிடம் உதவியாளராக வேலை செய்துகொண்டே, 1966-ல் இருந்து சின்னச் சின்னக் கதைகளாக எழுத ஆரம்பித்தார். சதுப்பு நிலம் என்று பெயரிட்ட கதையில் ஒரு வேட்டைக்காரன், ஒரு பெண், ஒரு பாம்பு, ஒரு ராத்திரி, அவ்வளவுதான். முடிவில் எதுவும் விளக்கப்படுவதில்லை. அப்போதைய வாசகர்களிடம் பெரிய வரவேற்பு இல்லை. இன்னொரு ஆசிரியராக இருந்தால், வாசகருக்குப் புரிகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று சொல்லியிருப்பார். நாகாய் தொடர்ந்து போட்டார்.

அதன் பலன் 1968 ஜூனில் சுகேக்கென்றே வந்த சிறப்பிதழில் தெரிந்தது. அதில் வந்த நெஜிஷிகி என்ற கதையில் ஒரு இளைஞன் கடலில் ஜெல்லி மீன் கடித்துக் கையில் ரத்தக்குழாய் அறுந்த நிலையில், அதைப் பிடித்துக்கொண்டே ஒரு மீனவ ஊரில் மருத்துவரைத் தேடி அலைகிறான். சந்துக்குள் ரயில் வருகிறது, தெரு முழுக்கக் கண் மருத்துவமனைகளாக இருக்கின்றன, கடைசியில் ஒரு பெண் மருத்துவர் ரத்தக்குழாயில் திருகுக் குழாய் மாட்டிவிடுகிறார். கனவின் தர்க்கம் தவிர வேறு தர்க்கம் இல்லை. அதில் ஒரு அச்சுப் பிழைகூடப் புகழ் பெற்றது: ஜெல்லி மீனின் பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று சுகே இரண்டு பெருக்கல் குறி போட்டுவைக்க, அச்சுக்கோத்தவர் அதைப் போலவே இருக்கும் மெ என்ற ஜப்பானிய எழுத்தாகப் படித்து மெமெ என்று கோத்துவிட்டார், அந்த இல்லாத மீன் அப்படியே நிலைத்துவிட்டது. கவிஞர்களும் நாடகக்காரர்களும் விமர்சகர்களும் இந்த இருபத்துச் சொச்சம் பக்கத்தைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். படக்கதை இலக்கியம் ஆகுமா என்ற விவாதத்துக்கு ஜப்பானில் இது ஒரு திருப்பம்.

காரோவின் தாக்கத்தை யார் முதலில் புரிந்துகொண்டார் என்றால், மங்காவின் கடவுள் என்று கொண்டாடப்பட்ட ஒசாமு தெசுகாதான். தனக்கும் அப்படி ஒரு சோதனைக்களம் வேண்டும் என்று 1967-ல் காம் என்ற மாத இதழைத் தொடங்கினார், தன் ஃபீனிக்ஸ் தொடரை அதில் எழுதினார். காமில் பணமும் இருந்தது, பெரிய பெயரும் இருந்தது. ஆனாலும் அது 1971-ல் மூடியது. காரோ அதன்பின் இன்னும் முப்பது வருடம் ஓடியது.

அந்த 1960களின் கடைசி, 1970களின் முதல் சில வருடங்கள் எனக்கு மிகப் பிடித்த காலம். செய்இச்சி ஹயாஷி, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் ஒரு இளம் ஜோடியின் வறுமையையும் மௌனத்தையும் சிவப்பு எலிஜி (சிவப்பு இரங்கற்பா) என்ற தொடராக 1970, 71-ல் வரைந்தார். அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் என்பதால் அவர் பக்கங்களில் வெற்றிடம் பேசும். முகத்தில் கண் மூக்குக்கூட இல்லாத கட்டங்கள் வரும், துக்கம் அப்படியே வந்து சேரும். அதைப் படித்த பாடகர் மோரியோ அகாட்டா அதே பெயரில் பாடிய பாட்டு 1972-ல் பெரிய ஹிட். யூ டகிட்டா டோக்கியோவின் பழைய கேளிக்கைத் தெருவில் கழிந்த தன் சிறுவயதை வரைந்தார். மாகி சசாகி கதையையே விட்டுவிட்டுத் தொடர்பில்லாத படங்களை அடுக்கினார். குனிகோ சுரிட்டா என்ற பெண் 1965-ல், பதின்வயதிலேயே, இந்த ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, யார் மாதிரியும் இல்லாத கதைகளை எழுதினார். உடல்நோயோடு போராடி 1985-ல் இறந்துபோனார். சுகே, ஹயாஷி பெயர்களைச் சொல்கிற பலரும் அவரைச் சொல்வதில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு.

1971-ல் கமுய் டென் முடிந்ததும் வாசகர்களில் பெரும்பகுதி போய்விட்டார்கள். மாணவர் போராட்டமும் அடங்கிவிட்டிருந்தது. சுகே எழுதுவதைக் குறைத்துக்கொண்டார், மிசுகி பெரிய இதழ்களில் மூழ்கிவிட்டார். செய்ரின்டோவிடம் ஓவியர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இதிலிருந்துதான் காரோவில் எழுதினால் சன்மானம் கிடையாது என்ற நிலை வந்தது, அது கடைசிவரை மாறவில்லை. இதைத் தியாகம், லட்சியம் என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. ஓவியர்கள் பட்டினி கிடந்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள், பலர் வரைவதையே விட்டார்கள். அதே சமயம், பணம் கொடுக்க முடியாத நாகாய் பதிலுக்கு ஒன்றை முழுமையாகக் கொடுத்தார்: நீ கொண்டுவந்ததை மாற்றச் சொல்ல மாட்டேன் என்பது. வாசகர் வாக்கெடுப்பில் கீழே போன தொடரை உடனே நிறுத்துகிற வார இதழ்களின் உலகத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் காசு கிடைக்காது என்று தெரிந்தும் புதியவர்கள் கட்டுக்கட்டாக வரைந்து எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார்கள்.

ஏறியவர்களின் பட்டியல் அசாதாரணமானது. ரியோஇச்சி இகெகாமி 1966-லேயே இங்கே அறிமுகமாகி, அதைப் பார்த்த மிசுகி அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார், பிறகு க்ரையிங் ஃப்ரீமேன், சாங்க்சுவரி என்ற மங்கா தொடர்களை வரைந்தவர் அவர். மசுசோ ஃபுருகாவா இங்கே ஓவியராகத் தொடங்கி, 1980-ல் டோக்கியோவின் நகானோவில் பழைய மங்கா விற்கும் ஒரு சின்னக் கடை வைத்தார். இன்று உலகத்து மங்கா ரசிகர்களெல்லாம் போய்ப் பார்க்கிற மண்டராகே அதுதான். எடோ காலத்து வாழ்க்கையை அவ்வளவு நெருக்கமாக வரைந்த ஹினாகோ சுகியூரா 1980-ல் காரோவில் அறிமுகமானார். 1970களின் நடுவிலிருந்து ஆசிரியர் குழுவில் இருந்த ஷின்போ மினாமி, கசுஹிரோ வதனாபே ஆகியோர் இதழின் முகத்தையே மாற்றினார்கள். விளம்பர உலகத்தைச் சேர்ந்த ஷிகெசாட்டோ இடோய் எழுத, டெருஹிகோ யுமுரா வரைய, வேண்டுமென்றே கோணல்மாணலாக வரையும் ஒரு பாணி 1976-ல் இங்கே தொடங்கி ஜப்பானிய விளம்பரங்கள், ஓவியங்கள்வரை பரவியது. 1980களில் சுஎஹிரோ மாருஓ போன்றவர்களின் கொடூர அழகும் வந்தது. இந்தக் காலகட்டத்தில் வந்த சிலவற்றை, குறிப்பாகப் பெண்களின் உடலை வதைப்பதையே கலையாகக் காட்டிய கதைகளை, என்னால் ரசிக்க முடிவதில்லை. எதையும் வெட்டாத ஆசிரியர் என்றால் இதுவும் சேர்ந்தே வரும்.

முடிவுக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயதும் கடனும் சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் நாகாய் செய்ரின்டோவை ஸைட் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1996 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த வருடம் ஜூலையில், நிறுவனத்தின் போக்கில் நம்பிக்கை இழந்த ஆசிரியர் குழு மொத்தமாக ராஜினாமா செய்துவிட்டு வெளியேறியது, இதழ் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கி, நின்று, இன்னொரு கை மாறித் தொடங்கி, 2002-ல் ஒரேயடியாக முடிந்தது. வெளியேறியவர்கள் செய்ரின்கோகெய்ஷா என்ற புதுப் பதிப்பகத்தில் 1998-ல் ஆக்ஸ் என்ற இதழைத் தொடங்கினார்கள். காரோவின் தொடர்ச்சி என்று பார்த்தால் அதுதான். செய்ரின்டோ என்ற பெயரில் இன்று இயங்கும் பதிப்பகம் வலதுசாரி அரசியல் புத்தகங்களுக்குப் பெயர் பெற்றது, அதற்கும் நாகாய் நடத்தியதற்கும் பெயரைத் தவிர ஒட்டு எதுவும் இல்லை. நாகாயின் நினைவாக அவர் சொந்த ஊரான மியாகி மாகாணத்து ஷியோகாமாவில் ஒரு மங்கா அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் ஆங்கிலம்தான் வழி, நல்லவேளையாகக் கடந்த சில வருடங்களில் நிறைய வந்திருக்கிறது. முதலில் சுகேயை எடுங்கள். கனடாவின் டிரான் அண்ட் குவாட்டர்லி பதிப்பகம் அவர் கதைகளைக் கால வரிசையில் தொகுதிகளாகப் போடுகிறது, நெஜிஷிகி இருக்கும் தொகுதிக்கு நேரே தாவாமல், 1965, 66 கதைகள் இருக்கும் முதல் தொகுதியிலிருந்து போங்கள். சாதாரண வாடகைக்கடைக் கதைக்காரர் ஒருவர் கதைக்குக் கதை எப்படி வேறு ஆளாகிறார் என்பது அப்போதுதான் கண்ணில் படும். அடுத்து ஹயாஷியின் சிவப்பு எலிஜி, அதன்பின் சுரிட்டாவின் தொகுப்பு, இரண்டும் அதே பதிப்பகம். கமுய் டென்னும் இப்போது அங்கேயே பெரிய தொகுதிகளாக வரத் தொடங்கியிருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை: 1980களின் கடைசியில் லெஜண்ட் ஆஃப் கமுய் என்று ஆங்கிலத்தில் வந்த பழைய புத்தகங்கள் காரோவில் வந்த கதை அல்ல, கமுய் தனியாக அலையும் பிற்காலத்துக் கிளைக்கதை. பழைய புத்தகக் கடையில் அதைப் பார்த்து வாங்கிவிட்டு இதில் விவசாயிகளே இல்லையே என்று ஏமாற வேண்டாம். ஆக்ஸ் இதழின் ஒரு தடித்த தொகுப்பு 2010-ல் ஆங்கிலத்தில் வந்தது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதில் இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று தெரிந்த பிறகு படித்தால்தான் அது திறக்கும்.